மூன்றாவது திரையில் ஒரு கட்டில்

1

இந்தக் கதை என் மேசைக்கு அடியில் பிறந்தது. கணினியோடு இணைத்திருந்த இரண்டாவது திரை திடீரென்று இருண்டுவிட, எந்த ஒயர் கழன்றுகொண்டது என்று பார்க்கத் தவழ்ந்து உள்ளே போனேன். ஒயர்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. வெளியே வந்து பார்த்தால், கணினி மட்டும் அந்தத் திரை உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. அம்புக்குறி விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் போனது, திரும்பவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த பக்கமும் அங்கேதான் இருந்தது. இருக்கிறது என்று தெரியும், பார்க்கத்தான் முடியாது.

மறுபடி தவழ முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த ஒற்றைத் திரையில் இதை எழுத உட்கார்ந்தேன். கதை எழுதும் ஆசை எல்லாம் கிடையாது. அலுப்புதான்.

2

முதல் தொடக்கம்: "பூவின் பெயரும் மரத்தின் பெயரும் கொண்டவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள். நெவேனாவுக்கும் அவள் கணவன் யாவோருக்கும் ஒரே நாளில் வருவதால் அந்த வீட்டில் —"

வேண்டாம். சுற்றுலாக் கையேடு வாசனை அடிக்கிறது. கிழக்கு ஐரோப்பாவின் இந்த ருசே நகரத்தில் குப்பை கொட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. இன்னும் எதற்கு இந்த விளக்கவுரை?

இரண்டாவது: "கட்டிலைப் பார்த்தவர்கள் எல்லோர் வாயிலும் மீன் இருந்தது."

கெட்டிக்காரத்தனமான வாக்கியம். கெட்டிக்கார வாக்கியங்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஆனாலும் அழிக்க மனசு வரவில்லை, கிடக்கட்டும்.

மூன்றாவது, நேராக: நெவேனா கப்பல் பட்டறை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போடுகிறவள். உள் அறையில் அவள் மேசைமேல் இரண்டு திரைகள். ஒன்றில் வரைபடம், இன்னொன்றில் அளவுகள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, அவர்கள் பெயருக்கென்று வருகிற பண்டிகையான பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. வருகிறவர்கள் வருவார்கள், கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் காட்ட யாவோர் காலையிலேயே ஒரு வேலை செய்தான். குடும்பத்துப் பழைய படங்கள் எல்லாம் நெவேனாவின் கணினியில் இருந்ததால், நீளமான ஒயர் ஒன்றைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டி, கூடத்துத் தொலைக்காட்சியை அதனோடு மூன்றாவது திரையாக இணைத்தான். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே ஓட ஆரம்பித்தன. பெருமையாக இருந்தது அவனுக்கு. நெவேனா அடுப்படியில் கெண்டை மீனுக்குள் வால்நட் திணித்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

3

கூடத்தில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலி நெவேனாவின் மாமனாருடையது. பெயர் ஸ்தோயில்.

இவரை எப்படி எழுதுவது என்றுதான் ரொம்ப நேரம் தடுமாறினேன். (மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன் என்று சொல்லலாம், ஆனால் கணினியில் எதைக் கிழிக்க.) கொடுமைக்காரராக எழுதிவிட்டால் நீங்கள் நெவேனாவை மன்னித்துவிடுவீர்கள். அப்பாவிக் கிழவராக எழுதினால் அவளைக் கரித்துக்கொட்டுவீர்கள். இரண்டுமே எனக்குச் சௌகரியம். ஆனால் மனிதர் அப்படி இல்லை. நல்லவர், வாய்த்துடுக்கு அதிகம். சூப்பில் உப்புக் குறைந்தால், "ஏம்மா, உப்பு என்ன எல்லை தாண்டியா வரணும்?" என்பார். அவரே எழுந்து கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோவார். ஒருமுறை இல்லை, பலமுறை. இரவில் அடுப்படிப் பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் நெவேனா எழுந்து ஓடுவாள். யாவோர் எழுந்திருக்க மாட்டான். எழுந்திருக்காதவன் என்று அவனைத் திட்டவும் முடியாது, ஏனென்றால் காலையில் அவன் முகம் அப்படிச் சுருங்கிப்போயிருக்கும்.

அவள் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டாள். இந்த ஊரில் அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. பெற்றவனை வெளியே தள்ளினார்கள் என்று தெருவே பேசும். யாவோரிடம் மட்டும் சொன்னாள். அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ என்ன முடிவு பண்றியோ அதான்" என்றான். கழன்றுகொள்ள இதைவிட நல்ல வாக்கியத்தை நான் எத்தனை யோசித்தாலும் எழுத முடியாது. பாரம் முழுக்க அவள் தலையில் இறங்கியது. கிழவருக்கு இன்னும் தெரியாது. ஈஸ்டர் முடியட்டும், நல்லபடியாக உட்காரவைத்துச் சொல்லலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.*

* இந்த "நல்லபடியாக" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் மனசில் இருந்த சொல் அது, எடுக்க எனக்கு உரிமை இல்லை.

4

மதியம் கூடம் நிரம்பிவிட்டது. பூங்கொத்துகள், ரக்கியா சாராயம், மீன். பக்கத்து வீட்டு ஸ்லாத்கா வழக்கம்போல முதல் ஆளாக வந்து வழக்கம்போல நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். திரையில் யாவோர் சின்னப் பையனாகக் கால்சட்டை நழுவ ஆற்றங்கரையில் நின்ற படம் வந்ததும் வீடே சிரிப்பில் அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து நெவேனாவுக்குச் செய்தி வந்தது. இல்லத்து நிர்வாகி பிஸ்த்ரா. ஓர் அறை காலியாகிவிட்டது, இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன், சாயங்காலத்துக்குள் சரி என்று சொன்னால் உங்களுக்கு. கைபேசியில் படம் நகம் அளவுக்குத்தான் தெரிந்தது. அறையைச் சரியாகப் பார்க்காமல் எப்படிச் சரி சொல்வது? பொறுப்பானவள் அவள். கை கழுவிக்கொண்டு உள் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, கணினியில் அந்தப் படத்தை அழுத்தினாள்.

ஒன்றும் திறக்கவில்லை. இடதுபக்கத் திரையிலும் இல்லை, வலதுபக்கத்திலும் இல்லை. இன்னும் ஒருமுறை அழுத்தினாள்.

(இங்கே நான் அவளை எச்சரிக்க நினைத்தேன். படங்களைக் காட்டும் ஜன்னல் கடைசியாக எந்தத் திரையில் திறந்திருந்ததோ அங்கேதான் மறுபடி திறக்கும், அது கூடத்தில் இருக்கிறது என்று கத்தியிருக்கலாம். எழுதுகிறவன் குரல் பாத்திரத்துக்குக் கேட்காது. எனக்கே இப்போது என் பக்கம் கண்ணில் படவில்லை.)

கூடத்தில் சிரிப்பு நின்றது. ஸ்லாத்காவின் குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

"அடடே, ரூமெல்லாம் போட்டாச்சா? எந்தக் கடற்கரைக்கு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நெவேனா."

படம் எங்கே திறந்திருக்கிறது என்று நெவேனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

5

அவள் விசைகளை அழுத்தினாள். எந்தத் திரையில் காட்டுவது என்று கேட்கும் பட்டியல் திரை ஓரத்தில் வந்து நின்றது. இந்தத் திரை மட்டும். எல்லாத் திரையிலும் ஒன்றே. திரைகளை நீட்டு. அந்தத் திரை மட்டும்.

கதாசிரியனுக்கு இது பெரிய வசதி. ஆளுக்கு ஒரு முடிவு எழுதி நீட்டிவிடலாம். எழுதியும் பார்த்தேன்.

இந்தத் திரை மட்டும்: தொலைக்காட்சி இருண்டது. கிழவர் அப்போதுதான் மீன் முள்ளை எடுக்கக் குனிந்திருந்தார், எதையும் பார்க்கவில்லை. நெவேனா நிம்மதியாக மூச்சுவிட்டு —

பொய். யார் வீட்டில் அப்படிச் சரியான நேரத்தில் குனிகிறார்கள்?

எல்லாத் திரையிலும் ஒன்றே: இப்போது பிஸ்த்ராவின் செய்திகளும் கூடத்தில் தெரிந்தன. ஸ்லாத்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க —

நாடகம். ஸ்லாத்கா வம்புக்காரிதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை.

மீதி இரண்டை எழுத ஓடவில்லை. எதை அழுத்தினாலும் இனிமேல் காட்டப்போவதைத்தான் மாற்றலாம். பார்த்த கண்ணை ஒன்றும் செய்ய முடியாது. நெவேனாவுக்கு இது என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. எதையும் அழுத்தாமல் எழுந்து கூடத்துக்குப் போனாள்.

6

திரை முழுக்க ஓர் அறை. வெள்ளைச் சுவர், கட்டில், நாற்காலி, ஜன்னல். யாவோர் ரக்கியா பாட்டிலோடு நடுக்கூடத்தில் நின்று கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க நெவேனாவுக்கு ஆத்திரம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

ஸ்தோயில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"ஸ்லாத்கா, கொஞ்சம் தள்ளு. உன்னை என்ன கண்ணாடியாலயா செஞ்சிருக்கு, மறைக்குதில்ல?"

அவள் நகர்ந்தாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"கட்டில் ஒண்ணுதான் கிடக்கு."

"அதனால என்ன, இன்னொண்ணு கேட்டா போட்டுக் கொடுப்பாங்க" என்று ஆரம்பித்த ஸ்லாத்கா பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. அப்புறம் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். கெண்டையில் முள் அதிகம். அதைப் பொறுக்குகிறவர்களிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீடுகளிலும் இப்படி ஒரு நாற்காலி இருந்தது, அல்லது இருக்கப்போகிறது.

நெவேனா தயார்செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று உண்டு. கேஸில் தொடங்கி, நல்ல வைத்தியர்கள், வாராவாரம் வருவோம் என்று போகிற பேச்சு. குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். இப்போது அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாக இருந்தது. தூக்கமும் வந்தது. அந்தக் கட்டிலில் தானே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

"மாமா" என்றாள்.

அவர் திரும்பவில்லை. விரலை நீட்டி ஜன்னலைக் காட்டினார்.

"கைப்பிடியைக் கழட்டி வச்சிருக்காங்க, பாத்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஓட்டை மட்டும் இருந்தது.

"உள்ள இருக்கிறவனுக்குக் கொஞ்சம் காத்து வேணும்னா யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. போகிற இடத்தைப் பற்றி எவரும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

7

இதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. "என்னைக் கூப்பிடுங்க மாமா" என்று எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது, நடக்காது, அடித்துவிட்டேன். "நீங்க எங்கேயும் போகலை" என்று எழுதினேன். அப்படியென்றால் இன்றிரவும் அடுப்படிச் சத்தத்துக்கு ஓடப்போவது அவள்தான், நானில்லை. அதையும் அடித்தேன். யாவோரைப் பேசவைக்கப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பதாக இல்லை.

அவள் நிற்கும் இடத்தில் நானும் நின்று பார்த்துவிட்டேன், எனக்கு வார்த்தை வரவில்லை. இனி நீங்கள் நில்லுங்கள். கிழவர் அவசரப்படுத்த மாட்டார், பதில் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிஸ்த்ரா சாயங்காலம் வரைதான் காத்திருப்பாள்.