காலி நாற்காலிப் பரீட்சை

பார்சல் கம்பெனிக்கு மென்பொருள் எழுதித்தர நம்பகமான வெளியாள் வேண்டியிருந்தது. போன தடவை பிடித்த கம்பெனியில் விஷயம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். அவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போனதும் பார்சல்கள் எல்லாம் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன. ஒருத்தருக்கு வர வேண்டிய பல் செட் இன்னொருத்தர் வீட்டு வாசலில் போய்ச் சிரித்தது.

பட்டுத் தெளிந்த கம்பெனி, இந்த முறை ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தது. அவர்தான் ஆலோசகர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். யார் எதைச் சொன்னாலும் "இன்ட்ரஸ்டிங்" என்பார். அதைச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒன்று, வரவேற்பறையிலேயே அருவி வைத்திருக்கும் பெரிய கம்பெனி. இன்னொன்று, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் கொண்ட கம்பெனி. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் புரோகிராம் எழுதுவான். அவள் அதைச் சோதிப்பாள், வாடிக்கையாளரிடம் பேசுவாள், அவனுக்குச் சேர வேண்டிய திட்டையும் வாங்கிக்கொள்வாள். படுத்துவிட்ட புரோகிராமை எழுப்பிவிடுவதால் வாடிக்கையாளர்கள் அவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ டாக்டர்களிடம் நடையாய் நடக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள்.

அவனுக்குக் கணையத்தில் கட்டி. "அடுத்த வருஷத்தைப் பத்தி இப்ப பேச வேண்டாமே" என்று நிஜ டாக்டர் நாசூக்காகச் சொல்லியிருந்தார். இவனோ அன்றிலிருந்து அடுத்த வருஷத்தைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

"இந்த வேலை கிடைச்சா அஞ்சு வருஷப் பராமரிப்பும் நமக்குத்தான். உனக்குப் போதும்."

"நமக்குன்னு சொல்லு."

"சரி, நமக்கு. வா மேனேஜரம்மா, இந்தப் பக்கத்தைப் படி."

அவன் எழுதுகிற விதத்தையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவள் தலையாட்டிவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் மறந்துபோனாள். மறந்துபோவதில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். அவள் கற்றுக்கொள்ளாதவரை அவன் எங்கேயும் போய்விட முடியாது என்று ஒரு கணக்கு. படித்தவள் போடுகிற கணக்கில்லைதான்.

வியாதியை அங்கே சொல்லக்கூடாது என்பது அவன் கட்டளை. "அவங்களுக்கு வேலை நடக்கணும். நடக்கும். நீ இருக்கியே."

கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறையில் ஆலோசகர் எழுந்து நின்றார். மேஜையின் கோடியில் கம்பெனியின் முதலாளியம்மா, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒற்றை வேனில் தொழிலைத் தொடங்கி, அதைத் தானே ஓட்டியவர்.

"இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. காலி நாற்காலி டெஸ்ட்" என்றார் ஆலோசகர். "வெளிநாட்டு மேடையில எல்லாம் இதைப் பத்திப் பேசியிருக்கேன். சார், நீங்க எழுந்து வெளிய போங்க. மேடம், சார் செத்துட்டார்னு வெச்சுக்குங்க. சும்மா ஒரு கற்பனைதான். நீங்க குடுத்த சாம்பிள் புரோகிராம்ல எங்க ஆள் ஒரு இடத்தை உடைச்சு வெச்சிருக்கார். ஒரே பார்சல் ரெண்டு வண்டியில ஏறுது. நீங்க தனியா சரி பண்ணணும்."

"நான் எந்த வியாதியில செத்தேன் சார்?" என்று கேட்டான் அவன், நாற்காலியைத் தள்ளியபடியே.

"அது உங்க விருப்பம்" என்று பெருந்தன்மையாகச் சிரித்தார் ஆலோசகர்.

அவன் போய் வராந்தாவில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டை அவனுக்குப் பெரிதாகிவிட்டது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. ஆலோசகர் காலி நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அழுத்தம் கொடுப்பதற்காம்.

தோற்றுவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். தோற்றால் அவனைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஆனால் திரையைப் பார்த்ததும் பாழாய்ப்போன மூளை தன் வேலையைச் செய்தது. இரண்டு டிரைவர்கள் ஒரே நொடியில் ஒரே பார்சலைப் பதிந்தால் புரோகிராம் இரண்டு பேருக்குமே 'சரி' சொல்லிவிடுகிறது. அதைத் தடுக்க அவன் எழுதியிருந்த காவல் வரியை யாரோ எடுத்திருக்கிறார்கள். மறந்துவிட்டதாக நம்பியிருந்த ஒவ்வொன்றும் அவன் குரலோடு சேர்ந்து வரிசையில் வந்து நின்றது. விரல்கள் அவளைக் கேட்கவில்லை. கொடுத்திருந்த அரைமணியில் பாதிகூட ஆகவில்லை. பார்சல் ஒரே வண்டியில் ஏறி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

"பிரமாதம்! பத்துக்குப் பத்து!" ஆலோசகர் கை தட்டினார். அவர் தட்டினதால் அறையில் இருந்தவர்களும் தட்டினார்கள். கதவைத் திறந்து, "சார், உள்ள வாங்க! நீங்க இல்லாமலே எல்லாம் ஜோரா நடக்குது. இனிமே உங்களுக்கு இங்க வேலையே இல்லை!" என்றார்.

அவனும் சிரித்தான். சத்தமாக, ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்க அனுப்பின ஃபோட்டோவுல இன்னும் சதையா இருந்தீங்களே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"டயட்டுங்க."

"டயட்டுக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டோம்" என்றார் ஆலோசகர்.

"டயட் இல்லைங்க" என்றாள் அவள். குரல் தனியாகப் பிரிந்து வந்தது. "அவருக்குக் கேன்சர். அதிக நாள் இல்லைன்னுட்டாங்க."

தட்டிய கைகள் எங்கே போவது என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் போயின. ஆலோசகர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி மார்க் தாளைப் பார்த்தார். கற்பனைச் சாவுக்கு அதில் பத்து மார்க் இருந்தது. நிஜச் சாவுக்குக் கட்டம் இல்லை.

"இன்ட்ரஸ்டிங்" என்றார், பழக்க தோஷத்தில். பிறகு காது சிவந்துவிட்டது. இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதலாளியம்மாதான் எழுந்து வந்தார். வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னால முடியும்மா. கண்ணால பார்த்தேன். ஆனா அவர் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது, என் பார்சலைக் காணோம்னு உனக்கு நான் போன் பண்ணவா? பண்ணாம இருக்க என் தொழில் விடாது. வேணாம்மா. நீ அவர் பக்கத்துல இரு."

சண்டை போட அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வேலை அருவிக் கம்பெனிக்குப் போயிற்று.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் அவள் கையைப் பிடிக்காமலே நடந்தான். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"திட்டேன்" என்றாள் அவள்.

"உனக்காகத்தானே இதைப் பிடிச்சுத் தொங்கினேன். வேற என்னத்தை விட்டுட்டுப் போவேன் நான்?"

"அவங்க கை தட்டினாங்க. நீயும் கூடச் சேர்ந்து சிரிச்ச."

ஒரு பஸ் வந்து, அவர்கள் ஏறாததால் போய்விட்டது.

"அதை எப்படிச் சரி பண்ணின?" என்று கேட்டான் அப்புறம்.

"முதல்ல பதிஞ்சவனுக்கு பார்சல். ரெண்டாவது ஆளுக்கு, இது போயாச்சு, நீ வேற வேலையைப் பாருன்னு சொல்லிடும்."

"நான்னா ரெண்டாவது ஆளைக் காக்க வெச்சிருப்பேன்."

"தப்பா பண்ணிட்டேனா?"

யோசித்தான். வேலை விஷயத்தில் அவன் அவளிடம் மரியாதைக்காகப் பொய் சொன்னதே கிடையாது.

"இல்லை. அந்த ஆள் எதுக்குக் காத்து நிக்கணும்? உன்னுதுதான் சரி."

அவள் அதுவரை அழவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஆள் நகர்ந்து இடம் விட்டார்.