டெய்சி விரியும் நேரம்

"எப்ப பூக்கும்?"

"இன்னும் மண்ணுலயே போடல. அதுக்குள்ள பூவைக் கேக்கறியே!"

"நீங்க இருக்கறப்போ பூக்குமான்னு கேட்டேன்."

"நான் எங்க போகப்போறேன்? இந்த வீட்டுலதான கிடக்கறேன்."

நாலு மாதத்துக்கு முன்னால் வாசலில் நின்றபடி கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இது. அவன் வேலை முடிந்து உள்ளே வந்துகொண்டிருந்தான். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாவு ஒட்டிய விரல்களால் அவன் நீட்டிய பாக்கெட்டில் ஆப்பிரிக்க டெய்சி விதைகள் இருந்தன. வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அவள் இருக்கும்போது இல்லை.

ரொட்டிக் கடையில் இரவு அடுப்பு அவன் பொறுப்பு. மாலை ஆறு மணிக்குப் போனால் காலை எட்டுக்குத் திரும்புவான். அவள் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எட்டு இருபதுக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்கு வருவாள். ஒரு வேலை நாளில் இருபது நிமிடம். அந்த இருபதில் அவன் குளியலறையில் பத்து.

பெண் பார்க்க வந்தபோது அவனே சொன்னதுதான். "முதல் வருஷம் ராத்திரி வேலைதான். அப்புறம் நீ பகலுக்கு மாறுன்னு சொன்னா மாறிடறேன். நீ சொன்னாப் போதும்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு நாலு வருடமாக வாய் வரவில்லை. முதல் வருடம் மாமனார் வழுக்கி விழுந்து கால் உடைந்து படுத்திருந்தார். இரண்டாம் வருடம் பழைய அடுப்பு மாஸ்டர் விலகிப் போய், அந்த இடம் இவனுக்கு வந்தது. அதற்குப் பிறகு கேட்கவே பயமாகிவிட்டது. பகலுக்கு மாறினால் கேக்குக்கு கிரீம் தடவுகிற வேலைதான் இருக்கிறது. அடுப்பைப் பற்றிப் பேசும்போது அவன் முகத்தில் வருகிற வெளிச்சத்தை அவள் பார்த்திருக்கிறாள். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்? சரி என்று சொல்லி, அந்த வெளிச்சம் அணைந்துவிட்டால்?

ஆகவே விதைகளைக் கவனித்தாள்.

அதிலும் சொதப்பல். அடிஸ்கேலை மண்ணில் செருகி, சரியாக ஒரு அங்குல ஆழத்தில், ஒவ்வொரு விதையாகப் புதைத்தாள். பதினாறு நாள் ஆகியும் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. ஒரு விதையைக் கிளறி எடுத்தால் விரலில் கூழாக ஒட்டியது. அப்போதுதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். 'மண்ணால் மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் தேவை.'

மாமனார் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு படிச்சுச் சொல்ற டாக்டரம்மா, நீ இதைப் படிக்கலையாக்கும்!"

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி சீட் வரை கேட்ட குரல், இந்த வீட்டுப் பகலில் கிசுகிசுப்பாகச் சுருங்கிவிட்டது. மகன் தூங்குகிறான். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றியாகிவிட்டது. படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி. அவனை யாரும் எழுப்பக் கூடாது. நாலு வருடத்தில் ஒரு முறைகூட யாரும் எழுப்பியதில்லை.

பாக்கெட்டில் பாதி விதைகள் மிச்சமிருந்தன. இந்த முறை ஈர மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயால் நனைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்பதாம் நாள் இருபத்து மூன்று முளைகள். மாமனார் பாசத்தில் ஒருநாள் குவளைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்ததில் ஏழு, கழுத்து அழுகிச் சாய்ந்தன. மீதிப் பதினாறையும் பின்பக்கச் சுவரோரம் ஒரு சாண் இடைவெளியில் நட்டாள். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விலகி, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் அங்கே வெயில் விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் பூக்கள் விரிந்தன. தூய வெள்ளை இதழ்கள்; நடுவில் மைத்துளி சிந்தியது போல் நீலம். மூன்று மணிக்கெல்லாம் குடையை மடக்குவது போல் மூடிக்கொண்டுவிட்டன. மூடினால் இதழ்களின் பின்பக்கம்தான் தெரிகிறது, பழைய காயத்தின் நிறத்தில்.

அன்று அவன் தூங்கி எழுந்ததும் வேலைக்கு ஓடிவிட்டான். திங்கள் காலை அவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

"எங்க பூ?"

"இதான். மூடியிருக்கு. வெயில் பட்டாத்தான் விரியும்."

"நல்ல பூவாப் பாத்து வளத்தே, போ. என்னைக் கண்டா மூஞ்சியை மூடிக்குது." கொட்டாவி விட்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "முதலாளி குடுத்தார். இன்னும் மூணு வருஷத்துக்கு ராத்திரி அடுப்பு மொத்தமும் என் பொறுப்புன்னு ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை வேலைக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுக் கொண்டாரச் சொன்னார்."

"போடப்போறீங்களா?"

"போடாம? உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

மணி எட்டு பதினெட்டு. "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள்.

அன்று முழுக்க அந்தப் பதிலுக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். செவ்வாய் அவனுக்கு வார விடுமுறை. அன்றைக்குத்தானா மருந்துக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு வர வேண்டும்? அவள் வீடு திரும்பியபோது மணி ஒன்பது. அவன் சோபாவிலேயே தூங்கிப் போயிருந்தான். புதனன்று சொல்லத் தொடங்கும்போது அவன் தலையில் ஷாம்பு நுரை. வியாழனன்று கடையில் இருமல் மருந்துக்குப் பதிலாகக் கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இருமல்தாம்மா," என்றார் வாங்க வந்தவர். "கண்ணு நல்லாத் தெரியுது. அதனாலதான் பாத்தேன்."

அவள் சீட்டை மறுபடி படித்து மருந்தை மாற்றிக் கொடுத்தாள். அன்று மாலையே மறுநாளைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

வெள்ளி காலை அவன் வந்தபோது அவள் வீட்டு உடையில் நின்றாள்.

"கிளம்பல?"

"லீவு."

"உடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க தூங்குங்க."

தாளைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இருந்த அலமாரித் தட்டில் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்தான். "எந்திரிச்சதும் போட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் பின்பக்கம் போய் வானத்தைப் பார்த்தாள். அடுப்புச் சாம்பலைக் கொட்டியது போல மேகம். அந்த வாரம் முழுவதும் இல்லாத மேகம்.

பதினொன்று. பதினாறு செடிகளிலும் பூக்கள் இறுக மூடிக் கிடந்தன. பதினொன்றரை. அவள் உள்ளே போய்த் தாளைப் பார்த்தாள், வெளியே வந்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போனாள்.

"நடந்து நடந்து தரை தேயுது," என்று கிசுகிசுத்தார் மாமனார். "அந்தப் பூவை ஒரு போட்டோ எடுத்துக் காட்டினா முடிஞ்சுபோச்சு. இதுக்கா இந்தப் பாடு?"

"போட்டோ வேண்டாம் மாமா. நாங்க ரெண்டு பேரும் போட்டோவுலதான் ஒண்ணா இருக்கோம்."

பன்னிரண்டரைக்குச் சுவரின் மேல் விளிம்பு சட்டென்று மஞ்சளானது. வெயில் மெல்ல இறங்கிச் செடிகளைத் தொட்டது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் போனது. ஓரத்துச் செடியில் ஒரு பூ தளர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒன்றேகாலுக்குச் சுவரோரம் முழுக்க வெள்ளை. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, மேகம் விட்டால்.

படுக்கையறைக் கதவு வரை போய்க் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எழுப்பினா கோபப்படுவாரோ?"

"முப்பது வருஷம் பஸ்ஸுல தூங்கினவங்களைத் தட்டித் தட்டி எழுப்பி இறக்கி விட்டிருக்கேன். எல்லாரும் முறைப்பாங்க. இறங்கினப்புறம் ஒருத்தனும் ஏண்டா எழுப்பினேன்னு கேட்டதில்ல." நிறுத்திவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தார். "இன்னொரு மேகம் வருது. போறதுன்னா போ."

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே நடுநிசி மாதிரி இருட்டு. ரொட்டி வாசனை. தோளைத் தொட்டாள்.

"ஏங்க."

அவன் துள்ளி எழுந்தான். "அப்பாவுக்கு என்ன?"

"மாமா நல்லா இருக்கார். பின்னாடி கொஞ்சம் வாங்க."

அவன் நம்பவில்லை. செருப்புக்கூடப் போடாமல், லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி ஓடினான். பின்கட்டில் அப்பா இடுப்பில் கை வைத்து முழுசாக நிற்பதைப் பார்த்தான். வெயிலில் கண் கூசியது. நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே பார்த்தான்.

பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு பூவைக் குழந்தையின் தாடையைத் தொடுவது போல் தொட்டான்.

"இதுவா அது? பின்பக்கத்தைப் பாத்துட்டா நான் இத்தனை நாள் குறை சொன்னேன்?"

"தினம் இந்த நேரத்துக்கு இப்படித்தான் இருக்கும்."

"தினமுமா?"

"வெயில் அடிச்சா தினமும்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று யோசிப்பவன் போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். மாமனார் தொண்டையைச் செருமினார். "எனக்கு உள்ளே வேலை இருக்கு," என்று நாலு வருடத்தில் முதல் முறையாகப் பகலில் முழுக் குரலில் அறிவித்துவிட்டுப் போனார்.

"இதைக் காட்டத்தான் எழுப்பினியா?" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது.

சுவரின் மறுகோடியில் மேக நிழல் விழுந்து செடி செடியாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் பாதங்களைப் பார்த்தாள்; வெயிலே படாமல் வெளிறிப் போயிருந்தன.

"இதுக்கு மட்டும் இல்ல."

"பின்னே?"

"அடுப்பு உங்களுக்கு உசுருன்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. பகலுக்கு மாறிடுங்க."