சக்களத்தியைச் சுற்றி ஆறு பேர்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. எடை நாலு டன். எட்டு வருஷமாக என் வீட்டுக்காரர் என்னிடம் பேசியதைவிட அவளிடம் பேசியதுதான் அதிகம். வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒருநாள் நான் வைத்த பெயர் அது. கூச்சநாச்சம் இல்லாமல் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "அண்ணி, சக்களத்திக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்று என்னிடமே வந்து சொல்வார்கள்.

சிலிக்கான் தட்டின் மேல் ஒளியால் சிப்பின் சுற்றுப்படத்தைப் பதிக்கிற மிஷின் அவள். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒருநாள் இனிமேல் மிஷினும் கிடையாது, உதிரிபாகமும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நாமே செய்துகொள்வோம் என்று நாடே வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பியது. பேப்பரில் தலைப்புச் செய்தி வந்தது. வேலை வந்து விழுந்தது அவரையும் சேர்த்து இந்த ஆறு பேர் தலையில்.

ஒரு படத்தின் மேல் அடுத்த படம் பிசகாமல் உட்கார வேண்டும். தலைமுடியின் அகலத்தைப் பத்தாயிரம் கூறு போட்டால் வருகிற ஒரு கூறு, அதாவது எட்டு நானோமீட்டர், அதற்கு மேல் விலகினால் தட்டு குப்பைக்குப் போகும். விலகலை அளக்கிற மிஷினில் உட்கார்ந்திருப்பவள் நான். கட்டின புருஷன் என்று அரை நானோமீட்டர்கூடக் குறைத்துப் போட முடியாது. எண்ணை மிஷினே அடித்துத் தள்ளிவிடும்.

மேலிடத்துக் குழு மூன்று சோதனைக்குத்தான் சம்மதித்தது. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து தட்டு, ஒன்றுகூடத் தவறக் கூடாது. முதல் சோதனையில் ஒன்றுமே தேறவில்லை. இரண்டாவதில் ஆறு தேறியது. மூன்றாவதும் போனால் சக்களத்தியைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, ஆறு பேரையும் ஆளுக்கொரு மூலைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு நாலு நாள்தான் இருந்தது.

வீட்டில் அவர் சாப்பிடுகிற சாப்பாடு சாப்பாடாகவா இருந்தது? தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "லென்ஸை மாத்தியாச்சு, மோட்டாரை மாத்தியாச்சு. இன்னும் எதைத்தான் மாத்தறது?" என்றார்.

"முதல்ல இந்த மூஞ்சிய மாத்துங்க. பார்க்கவே சகிக்கல" என்றேன். எரிந்து விழுந்தேனே தவிர, அன்று படுக்கையில் அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன். நாற்பத்தாறு வயதில் இந்த மனுஷன் உடைந்துபோவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் காலையில் இரண்டாவது சோதனையின் எண்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன். தேறிய ஆறும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. பதினாலாவதிலிருந்து பத்தொன்பதாவது வரை வரிசையாக இருந்தன. நேரத்தைப் பார்த்தேன். பதினொன்றே காலிலிருந்து பதினொன்றே முக்கால்.

அந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆறு பேரில் லென்ஸைப் பார்த்துக்கொள்கிற லென்ஸ்காரருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று இன்டர்காமில் சொன்னார்கள். அத்தனை பேரும் அவரைத் தூக்காத குறையாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். நகரமாட்டேன் என்று அடம்பிடித்த என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதே நான்தான். அந்த அரைமணி நேரம் சக்களத்தி பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை.

மற்ற நேரமெல்லாம்? அடக் கடவுளே! ஆறு பேரும் அவளுடைய இடப்பக்கத்தில்தான் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கே நின்றால்தான் தட்டு நகர்வது கண்ணாடி வழியாகத் தெரியும். விலை கொடுத்து வாங்கின பழைய மிஷின்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இவளைத்தான் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார்கள். காற்றை உள்ளே இழுக்கிற துவாரமும் அதே இடப்பக்கத்தில்தான். வெப்பமானியோ வலப்பக்கத்தில்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "மனுஷ சூடா? விளையாடறியா?" என்றார் அவர்.

"ஒரு ஆளு நூறு வாட் பல்பு மாதிரிங்க. ஆறு பல்ப அவ மூக்குக்கு நேரா எரியவிட்டுட்டு, லென்ஸ் ஏன் விரியுது, படம் ஏன் விலகுதுன்னு தலைய பிச்சுக்கறீங்க!"

வெப்பமானியைக் கழற்றி இடப்பக்கத்தில் வைத்தார்கள். ஆறு பேரும் வழக்கம்போலப் போய் நின்றார்கள். பத்து நிமிஷத்தில் எண் ஏறிவிட்டது. விலகி நின்றதும் இறங்கியது. பத்தில் ஒரு டிகிரிதான், ஆனால் அவளுக்கு அதுவே காய்ச்சல்.

"நம்ம கண்ணே பட்டிருச்சு அண்ணி" என்றார் லென்ஸ்காரர். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தூசிக்காக அந்த அறையில் எல்லாரும் போடுகிற முகமூடிக்கு மேலே கண் இரண்டும் கலங்கியிருந்தன. "நாங்களேவா? எட்டு வருஷமா பக்கத்துலயே நின்னு நாங்களே கெடுத்தோமா?" என்றார். அவ்வளவு பாசத்தை ஒரு இரும்பின் மேல் வைத்த மனுஷனை நான் என்னவென்று திட்டுவது? கையுறை போட்ட கையால் கையுறை போட்ட கையைப் பிடித்துக்கொண்டேன். துவாரத்தை இடம் மாற்ற ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை ஒரே வழி, பக்கத்தில் யாரும் போகக் கூடாது. அவரும்தான்.

மூன்றாவது சோதனைக்குக் குழுவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நேராக இடப்பக்கத்துக்குப் போகப் பார்த்தார்கள். நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"ஐயா, வெளியில இருங்க."

"பார்க்காம எப்படிம்மா கையெழுத்து போடறது?" என்றார் குழுத் தலைவர்.

"பார்த்தீங்கன்னா கையெழுத்து போடற வேலையே இருக்காதுங்க. இதைச் செஞ்சவரே வெளியிலதான் நிக்கறாரு. நீங்களும் போங்க!"

எங்கள் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். குழுத் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

இரண்டு மணி நேரம் அந்த அறையில் ஆள் இல்லை. அவள் தன்பாட்டுக்கு வேலை பார்த்தாள். பக்கத்து அறையில் தட்டுகள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. ஐந்து புள்ளி இரண்டு. ஆறு. ஐந்து புள்ளி எட்டு. பதினெட்டாவதில் ஏழு புள்ளி ஆறு என்று வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. இருபத்தைந்தாவதின் எண்ணை மூன்று தடவை படித்தேன். அதற்குள் அவள் அடுத்த இருபத்தைந்தைத் தொடங்கியிருந்தாள்.

நடைவழி பெஞ்சில் ஐந்து பேரும் ஒரு பக்கமாக இருக்க, அவர் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கியோடு அப்படியே ஓடினேன். அங்கியோடு வெளியே வரக் கூடாது, தெரியும்.

"எத்தனை?" என்றார்.

"இருபத்தஞ்சும்ங்க."

"இருபத்தஞ்சுமா?"

"ஒண்ணு விடாம."

சிரிப்பார் என்று நினைத்தேன். பிள்ளைபோல விசும்பி விசும்பி அழுதார். "நான் பார்க்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். என் ராசா, என் தங்கம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

இயக்குநர் வேகமாக வந்தார். "கையெழுத்து ஆயிருச்சு! வாங்க, ஆறு பேரும் அவ பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் பாதி எழுந்தார். கதவைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"இப்ப வேண்டாம் சார். அடுத்த இருபத்தஞ்சு ஓடிட்டிருக்கு."