ஒரே வரி

"மாத்திரை சாப்பிட வேண்டாம்னு தினமும் ஃபோன்ல வந்திருக்குமே! படிக்கத் தெரியாதாம்மா உங்களுக்கு?"

நர்ஸ் கேட்ட கேள்வியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் ஆஸ்பத்திரி அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்தார். பேப்பர் வந்தால் வரி விளம்பரம்கூட விடாமல் படிக்கிற மனுஷி.

"டிங்குனு வரும். 'ரத்தம் இளக்கும் மாத்திரை இன்று சாப்பிட'ன்னு இருக்கும். நானும் தவறாமப் போட்டுக்கிட்டேன்" என்றார், திருட்டில் பிடிபட்டவர் மாதிரி. ரத்தம் இளகிக் கிடக்கையில் யார் கத்தி வைப்பார்கள்? ஆபரேஷன் தள்ளிப்போனது. பித்தப்பைக் கல்லோடு இன்னும் எத்தனை நாள் துடிக்கவேண்டுமோ!

மாப்பிள்ளை அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தான். கண் சரியாகத் தெரியாததால் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். 'சாப்பிட' என்பதோடு செய்திப் பெட்டியின் ஓரம் வந்துவிட்டது. அப்புறம் மூன்று புள்ளி. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

ஆஸ்பத்திரியின் நினைவூட்டல் ஆப்பில், அந்தப் பெட்டிக்கு ஒரே வரிதான் என்று கட்டளை எழுதிய மகராசன் அவனேதான். அலுவலகத்தில் சோதித்துப் பார்க்கிற பெண் அப்போதே சொன்னாள்: "சார், எழுத்தைப் பெருசாக்கினா தமிழ்ல கடைசி வார்த்தை வெட்டுப்படுது." இவன் பெரிய மேதாவி! "ரெண்டு வரி விட்டா பெட்டி உயரும், கீழ இருக்கிற பட்டன் இறங்கும். பாக்க அசிங்கமா இருக்கும்மா" என்று வாயை அடைத்தான். ஆங்கிலத்தில் 'டோன்ட்' முதலிலேயே வந்துவிடும், வால் போனாலும் பாதகமில்லை. தமிழில் வேணுமா வேண்டாமா என்பதே வாலில்தானே இருக்கிறது! தமிழிலேயே பேசி வளர்ந்தவனுக்கு இது உறைக்கவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது. இன்னும் எத்தனை வீட்டில் இந்த டிங் கேட்கிறதோ!

"ரெண்டு வரி விடும்மா. உடனே ஆஸ்பத்திரிக்கும் சொல்லிடு" என்று அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினான். "சரி சார்" என்று மட்டும் பதில் வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சிஸ்டர், இவங்க மேல தப்பில்ல. இந்த ஆப்பை எழுதினதே நான்தான். தப்பு என்னோடது."

நர்ஸ் சிரித்துவிட்டார். "மாமியாருக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிற மாப்பிள்ளையை இப்பதான் பாக்குறேன்."

"இல்ல சிஸ்டர், நெஜமாவே..."

அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். மாமியாரின் முகத்தைப் பார்க்க இவனுக்குத் துணிவில்லை.

"எனக்காக நீங்க ஏன் பொய் சொல்லிக்கிட்டு? விடுங்க, நான்தான் ஒழுங்காப் படிக்கல" என்றார் அவர். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் திரும்பி, "பாத்தீங்களா, எங்க மாப்பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டார்" என்றார்.

"அத்தை, நான் சொல்றதைக் கேளுங்க..."

"ஆபரேஷன்தான் இல்லையே, இனிமே சாப்பிடலாம்ல? காலையிலேருந்து நீங்களும் பட்டினி" என்றபடி பையைத் துழாவி ஒரு பன்னை எடுத்தார். இரண்டாகப் பிய்த்தார். சரிபாதியாக வரவில்லை. பெரிய துண்டை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.