ஈடு வைக்கப்பட்டவர்கள்

யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்த பாமா லண்டனுக்கு வந்து சில வருடங்களில், 1991இல், பழைய வங்கி ஒன்று அவளை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தது. இருநூறாவது ஆண்டு மலருக்கு வங்கியின் ஆரம்பகால வரலாற்றை எழுதவேண்டும். வட லண்டனின் எட்மண்டனில் வாடகை அறை; வேலையிடத்தில் நிலக்கீழ் அறை. இரண்டிலும் பேச ஆளில்லை. சில நாட்களில், மாலையில் பஸ் சாரதிக்கு நன்றி சொல்லும்போதுதான் தன் குரலையே கேட்பாள்.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. நிலத்தோடு அங்கிருந்த அடிமைகளையும் ஈடாக எழுதி வாங்கியது. அதில் பெருகிய பணம் மான்செஸ்டர் பஞ்சாலைகளுக்குப் போனது. ஓர் அத்தியாயம் முழுக்க இதைத்தான் எழுதியிருந்தாள்.

"நன்றாக இருக்கிறது," என்றார் மலருக்குப் பொறுப்பான ஹார்ட்லி. "ஆனால் இது கொண்டாட்ட மலர். ஒரு வசனம் போதும்."

அச்சுப்படியில் அந்த ஒரு வசனமும் இல்லை. 'காலனி வர்த்தகம்' என்று மட்டும் இருந்தது. முன்பக்கத்தில் அவளுடைய பெயர். அதை எடுத்துவிடச் சொன்னாள். ஹார்ட்லி எடுத்துவிட்டார். ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்டு, கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸிலிருந்து அக்காவின் கணவர் யோகலிங்கம் போன் எடுத்தார்.

"உமக்கேன் உந்த வில்லங்கம்? அந்த அடிமையள் எங்கட ஆக்களே?"

"இல்லை அத்தான்."

"அப்ப?"

"என்ர பேரைப் போட்டு மறைக்க ஏலாது."

"சரி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரும்."

போனாள். அங்கே ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் ஆர்ச்வேயில் மாலை வகுப்பு ஒன்று படிப்பிக்கக் கிடைத்தது. நீக்கப்பட்ட அத்தியாயத்தைப் பற்றிப் பேசவிருந்த அன்று நல்ல மழை. ஒருவர்தான் வந்தார்: மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் பிறந்த, ஓய்வுபெற்ற தாதி மிஸஸ் கிளார்க். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஈட்டுப் பத்திரத்தில் பெயர்கள் இருந்தனவா?" என்றார்.

"இருந்தன. முதற்பெயர் மட்டும்."

"வாசியுங்கள்."

பாமா வாசித்தாள். ஹன்னா. குவாக்கோ. பீபி. ஒருவருக்கு லண்டன் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"இதில் யார் என்னுடையவர் என்று எனக்குத் தெரியாது," என்றார் மிஸஸ் கிளார்க். "கிளார்க் என்பது எங்கள் ஆட்களை அடிமைகளாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயர்."

பாமா மேலங்கியைப் போட்டுக்கொள்ள அவருக்கு உதவினாள். பஸ் தரிப்பிடம் வரை ஒரே குடையில் நடந்தார்கள்.

அடுத்த கிழமை வேறு சிலர் வந்திருந்தார்கள். மிஸஸ் கிளார்க் வரவில்லை. பாமா பஞ்சாலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். பேச்சினிடையே கதவைப் பார்த்துக்கொண்டாள்.