வலது கைய நீட்டு

மாரிக்கனி சாரணியர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் எதையும் சுலபமாக அவிழ்க்க முடியவில்லை. கொடிக்கயிறு, ஜன்னல் கம்பி, அரிசி மூட்டை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் முடிச்சுப் பழகினாள்.

"பிள்ளையச் சேத்துவிட்டா ஒழுக்கம் வரும்னீக. இப்ப ஒல வைக்கணும்னா மொதல்ல அருவாமனையத் தேட வேண்டியிருக்கு" என்று ஈஸ்வரி கணவரைச் சீண்டினாள்.

தங்கப்பாண்டியனுக்கு அதுவும் பெருமைதான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மகளின் சீருடையை அவர்தான் தேய்ப்பார். மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும் போலிருக்கும். மனதுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. பட்டாள நாட்களில் அவருடைய ஒவ்வொரு லீவு முடிவிலும் ராஜபாளையம் ரயில் நிலையத்தில் மகள் அழுதுகொண்டே கையசைப்பாள். அவர் ரயிலோடு போய்விடுவார். இப்போது அவள் அய்யனார் கோவில் முகாமுக்குப் போகிறாள். நின்று கையசைப்பது இந்தத் தடவை அவருடைய முறை.

அதற்கு முந்தின வாரம் திருவில்லிபுத்தூரில் உறுதிமொழி விழா. மாரிக்கனி தடுமாறாமல் சொல்லி முடித்தாள். சாரணியர் குழுவை நடத்தும் எலினா டீச்சர் அவள் கழுத்தில் ஸ்கார்ஃபைப் போட்டுவிட்டு, கைகுலுக்க இடது கையை நீட்டினார். இவளும் இடது கையையே நீட்டினாள்.

டீச்சர் ஏதோ நினைப்பில் நீட்டிவிட்டார், பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? பெரியவர்களுக்குப் பீச்சாங்கையா? தங்கப்பாண்டியன் எழுந்து நின்று பரேட் மைதானக் குரலில் கத்தினார்: "ஏட்டி! வலது கைய நீட்டு!"

அரங்கமே சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் மாரிக்கனி முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். அப்படியே பேசினாள்.

"இடது கை கேடயம் பிடிக்கிற கைப்பா. அத எறக்கி வச்சிட்டு நீட்டுனா, ஒன்ன நம்புறேன்னு அர்த்தம். சாரணர் எல்லாரும் அப்படித்தான் கை குடுப்பாக. அம்புட்டுப் பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டீக."

"எனக்கென்ன தெரியும் தாயி? பட்டாளத்துல அப்படிப் பழக்கமில்லயே."

"இது பட்டாளம் இல்லப்பா. என்னைய வழியனுப்ப அம்மா மட்டும் வரட்டும்."

அந்த வாரம் சீருடையை அவளே தேய்த்துக்கொண்டாள். மடிப்பு கோணலாக விழுந்தது. அவர் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

முகாமுக்குக் கிளம்பும் காலையில், தாயும் மகளும் போன பிறகு, முறுக்குப் பொட்டலம் அடுப்படியிலேயே கிடந்தது. ஈஸ்வரியிடமிருந்து போன் வந்தது. "மறந்துட்டேன், கொண்டாங்க." ஈஸ்வரியாவது, மறப்பதாவது! அவர் பைக்கை உதைத்தார்.

பள்ளி வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு தாய் தலையணையைத் திணிக்க, மகள் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தங்கப்பாண்டியன் மாரிக்கனி முன்னால் போய் விறைப்பாக நின்றார். வலது கையில் பொட்டலம். இடது கையை நீட்டினார்.

"கேடயத்த எறக்கிட்டேன் தாயி."

ஊரே பார்ப்பது போலிருந்தது. மாரிக்கனி பையைக் கீழே வைத்தாள். இடது கையால் அவர் கையைப் பிடித்து, எலும்பு நோகக் குலுக்கினாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவசரத்தில் தங்கப்பாண்டியன் அதே நினைப்பில் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றி நீட்டினார்.

"யப்பா, முறுக்க மட்டும் வலது கையில குடுங்க!"

வேன் கிளம்பியது. எந்தக் கையை அசைப்பது என்று விளங்காமல் தங்கப்பாண்டியன் இரண்டையும் அசைத்தார்.