பின்வாசல் கல்லின் பூர்வீகம்

வெயில். வெயிலின் கீழே ஒரு கருங்கல். எருமை படுத்த மாதிரி ஒரு முதுகு.

பல்லாவரத்து மலைச்சரிவில், அமலோற்பவத்தின் பின்வாசலுக்கும் குளியலறைக்கும் நடுவே அது கிடந்தது. வீட்டுக்கு முன்பே வந்தது. தெருவுக்கு முன்பே வந்தது.

தெருவில் யாருக்கு எந்த ஊர், யார் யாரை இழுத்துக்கொண்டு வந்தவர் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கல்லின் ஊரை மட்டும் முப்பது வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. அதன்மேல் மிளகாய் காய்ந்தது. வடகம் காய்ந்தது. அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

பங்குனியில் அமலோற்பவத்தின் கணவர் சூசை விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். குறுக்கே கல்.

குளியலறைக்குப் போக இரண்டு ஆண்கள் வேண்டும். நாற்காலியோடு தூக்குவார்கள். சூசை கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து மாடியிலிருந்து கோதை பார்ப்பாள். பார்க்காத மாதிரி பார்ப்பாள். அதில் அவள் கைதேர்ந்தவள்.

பிறகு அமலோற்பவம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். காலையில் வைத்த தண்ணீர் மாலையிலும் அப்படியே இருந்தது. அவர் உதடு வெடித்திருந்தது. குடித்தால் போக வேண்டும். போனால் தூக்க வேண்டும். மனுஷன் தண்ணீரையே விட்டுவிட்டார்.

கல்லை உடைக்க மிஷின்காரன் வந்தான். கோதை மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள்.

“எஞ் செவுரு ஏற்கெனவே வாயப் பொளந்துகினு நிக்குது அமலு. உங் கல்லு ஒடையறதுக்குள்ள எவ் வூடு உக்காந்துரும்.”

மிஷின் திரும்பிப் போனது. கல் இருந்தது.

அப்போதுதான் தெருவின் கண் அதன்மேல் விழுந்தது. யார் இது? எங்கிருந்து வந்தது? எதிர்வீட்டு நசீமா கல்லூரியில் நிலவியல் படிக்கிறவள். அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன் விசாரிப்பது போல விசாரித்தார்கள்.

“வயசு?”

“இருநூத்தம்பது கோடி வருஷம் இருக்கும் பெரிம்மா.”

“பாத்தா தெரியல,” என்றாள் கோதை.

பிறந்த இடம் பூமிக்குள்ளே, வெகு ஆழத்தில். அடுப்புக்கெல்லாம் அடுப்பு அங்கே. முன்பு வேறு ஏதோ கல்லாக இருந்ததாம். வெந்தது. நசுங்கியது. உருகி ஓடாமல், இருந்த இடத்திலேயே ஆள் மாறியது.

உள்ளுக்குள் ஆள் மாறுவது தெருவுக்குப் புதிதில்லை. சத்தம் போடாமல் மாறுவதுதான் புதிது.

அதன் தலைமேல் இருந்ததையெல்லாம் மழை தின்றது. வெயில் தின்றது. மழை. வெயில். மழை. பாரம் குறையக் குறைய அது மேலே வந்தது. வந்த அலுப்பில் தோல் தளர்ந்தது. வெங்காயம் மாதிரி, அடுக்கடுக்காக.

“தோலு... உரியுமா?”

கேட்டது சூசை. வாய் கோணி வந்த சொற்கள். விழுந்த நாள் முதலாய் அவர் எதையும் கேட்டதில்லை.

இருபது வருடம் குவாரியில் கல் உடைத்தவர். தெரு அதை மறந்திருந்தது. அவரும்தான். இடது கையில் குழவியை வாங்கினார். குனிந்து தட்டினார். டங். டங். ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி டொப். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி டொப்.

“இங்க... தீ,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே பின்வாசலில் கூடியது. ஒத்தாசைக்கு என்றார்கள். வேடிக்கைக்கு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கோதை ஒரு கோணி நிறையக் கொட்டாங்குச்சி கொண்டுவந்து போட்டாள். தன் அடுப்புக்குச் சேர்த்து வைத்தது. அது அவளுக்குப் பெரிய காரியம்.

தீ. உச்சிவெயில் வரை தீ. கல்லின்மேல் காற்று நெளிந்தது. பிறந்த வீட்டுச் சூடு கொஞ்சம் ஞாபகம் வந்திருக்கும்.

சூசை கை காட்டினார். நசீமா எட்டி நின்று தண்ணீரை வீசினாள். வெள்ளையாய் ஆவி. ஒரு சத்தம். அப்பளம் நொறுங்குகிற அளவுக்குத்தான்.

கடப்பாரை நுழைந்தது. ஒரு தோல் கழன்றது. அதன் கீழே இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் மூன்று. முதுகு போய்விட்டது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஒரு வளைவு மட்டும்.

புது முகம் நீலக் கறுப்பு. நடுநடுவே மாதுளை முத்துப் போலச் சிவப்புப் பொட்டுகள். வெளிச்சமே பாராத முகம். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கோதை முதலில்.

“இன்னா நெறம்டி! இத்தினி நாளும் மூடிக்கினு இருந்திருக்கு பாரேன்.”

மறுநாள் அமலோற்பவம் வேண்டுமென்றே கடைக்குப் போனாள். வேண்டுமென்றே கீரையைக் கட்டுக் கட்டாகப் புரட்டினாள். வேண்டுமென்றே தெருமுனையில் நின்றாள், பேச ஆளே இல்லாமல்.

திரும்பி வந்து பின்வாசலைப் பார்த்தாள்.

கல்லில் ஈரம். குளியலறையிலிருந்து இரண்டு சக்கரக் கோடுகள். ஒரே கையால் தள்ளியதால் கோணல் கோடுகள். வளைவில் ஏறி, நின்று, திணறி, இறங்கி, வாசல்வரை.

பக்கத்தில் பாதி காய்ந்த ஒரு ஜோடி. அதற்கும் பக்கத்தில் இன்னொரு ஜோடி, இருந்தும் இல்லாமலும்.

மூன்று தடவை.

“இன்னா அமலு, கீழயே பாத்துக்கினு நிக்கிற?” மாடியிலிருந்து கோதை.

“ஒண்ணுமில்லக்கா. கல்லு ஈரமா கீது.”

வெயில் ஒவ்வொரு கோடாக எடுத்துக்கொண்டிருந்தது. கடைசிக் கோடு போகிறவரை அவள் கல்லை மிதிக்கவில்லை.